வாரம் ஒரு கூறு என்று பிரிக்காதீர்கள்

கேள்வி இதுதான். மொரீஷியஸில் புதிதாக ஓவிய ஆசிரியராகச் சேர்ந்திருக்கும் ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "கிரேடு 7, 8 பிள்ளைகளுக்கு ஓவியத்தின் ஏழு கூறுகளைச் சொல்லித் தர வேண்டும். சார்ட் ஒட்டி, வாரம் ஒன்று என்று ஆரம்பித்தேன். கேட்டால் ஏழையும் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள், படம் மட்டும் பழையபடியே இருக்கிறது. எங்கே தொடங்குவது?"

நானும் இந்தத் தீவில் இதே வயதுப் பிள்ளைகளோடு காலம் தள்ளுகிறவன்தான், அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் அந்த சார்ட்டை ஒரு தவணைக்காவது கழற்றி அலமாரிக்குள் வையுங்கள். கோடு, வடிவம், திரட்சி (கன உருவம்), ஒளிநிழல், நிறம், பரப்புத்தன்மை, வெளி (படத்தில் தெரியும் ஆழம்) என்ற ஏழும் வானத்திலிருந்து இறங்கி வந்தவை இல்லை. 1899இல் அமெரிக்க ஆசிரியர் ஆர்தர் வெஸ்லி டோ பாடத்திட்டம் போட்டபோது மூன்றே மூன்றுதான் வைத்தார்: கோடு, இருளும் ஒளியும், நிறம். நம் பக்கத்துப் பழைய மரபில் ஓவியத்துக்கு ஆறு அங்கம் என்பார்கள், அதில் பாவமும் (உணர்ச்சி வெளிப்பாடு) லாவண்யமும் (எழில்) கூட உண்டு. எண்ணிக்கை ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறுகிறது. பிள்ளைக்கு வேண்டியது ஒரு காட்சியைப் பார்த்ததும் "இதில் எது வெளிச்சம், எது இருட்டு, எது முன்னால், எது பின்னால்" என்று தானாகக் கேட்டுக்கொள்ளும் பழக்கம். கை ஒரு வேலையைச் செய்து முடித்த பிறகு அதற்குப் பெயரைச் சொல்லுங்கள், மறக்காது. பெயரை முதலில் சொன்னால் கிடைப்பது ஒப்பித்தல்தான், அதைத்தான் நீங்கள் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இந்த வயதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பதினொன்றிலிருந்து பதினான்குக்குள் இருக்கும் பிள்ளை தன் படம் நிஜம் மாதிரி இருக்க வேண்டும் என்று ஆசைப்படத் தொடங்குகிறது. கண் வளர்ந்துவிடும், கை இன்னும் வந்திருக்காது. ஐந்து வயதில் சூரியனுக்கு மீசை போட்டு மகிழ்ந்த அதே பிள்ளை "எனக்கு வரையத் தெரியாது சார்" என்று தாளைக் கவிழ்த்து வைப்பது இப்போதுதான். குழந்தைகளின் ஓவிய வளர்ச்சியைப் படிநிலைகளாகப் பிரித்து எழுதிய விக்டர் லோவன்ஃபெல்ட் சுமார் 9 வயதிலிருந்தே இந்த யதார்த்த ஆசை எட்டிப் பார்ப்பதாகவும், 12க்கு மேல் அது தீவிரமாவதாகவும் சொல்கிறார். "மனம்போல வரை" என்று இவர்களிடம் சொல்லிப் பயனில்லை. நிஜம் மாதிரி வருவதற்கு வழி கேட்கிறார்கள், வழியைக் கொடுங்கள். கூறுகள் எல்லாம் அந்த வழிகள்தானே.

சரி, முதல் வகுப்பு. நம் மொரீஷியஸ் நூறு ரூபாய் நோட்டு ஒன்றும் ஒரு பூதக்கண்ணாடியும் போதும். நோட்டில் இந்தத் தீவின் தமிழ் அரசியல்வாதி ரங்கநாதன் சீனிவாசன் முகம் இருக்கிறது. பிள்ளைகள் தினமும் பார்க்கும் நோட்டு, தமிழ் எழுத்தும் அதில் உண்டு, ஆனால் யாரும் உற்றுப் பார்த்திருக்க மாட்டார்கள். கன்னத்தில் நிழல் விழும் இடத்தைப் பெரிதாக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். வெறும் கண்ணுக்குச் சாம்பல் பூச்சு மாதிரித் தெரிந்த இடம் முழுக்க மெல்லிய கோடுகளாக இருக்கும். கோடு நெருங்கினால் இருட்டு, விலகினால் வெளிச்சம், முகத்தின் வளைவோடு கோடும் வளைந்தால் கன்னம் உருண்டு நிற்கிறது. கோடு, ஒளிநிழல், திரட்சி மூன்றும் ஒரே இடத்தில் ஒன்றாக வேலை செய்வதை இதைவிடத் தெளிவாகக் காட்ட எனக்குத் தெரியாது. வாரம் ஒன்று என்று பிரிப்பதை நான் எதிர்ப்பது இதனால்தான். படத்தில் அவை தனித்தனியாக வருவதே இல்லை.

பார்த்து முடித்ததும் நிழல் தீட்டாமல், தேய்க்காமல், பேனாக் கோட்டால் மட்டும் ஒரு எலுமிச்சம்பழத்தை வரையச் சொல்லுங்கள். விரலால் தேய்க்கும் பழக்கத்துக்கு அந்த நாளிலிருந்தே தடை போடுவது நல்லது, அது இந்த வயதில் ஒரு தொற்றுநோய்.

அடுத்த வகுப்பில் தாளைப் பார்க்காமல் வரையும் பயிற்சி. தன் இடது கையைப் பார்த்துக்கொண்டே, பென்சிலைத் தூக்காமல், கண் நகரும் வேகத்திலேயே பென்சிலும் நகர வேண்டும். முடிவில் வருவது கை மாதிரியே இருக்காது, வகுப்பே சிரிக்கும். சிரிக்கட்டும், பயம் போகும். அதில் ஏதாவது ஒரு விரல் மடிப்பாவது இதற்கு முன் அவர்கள் வரைந்த எல்லாக் கைகளையும்விட நிஜமாக இருக்கும், அந்த இடத்தைத் தேடிக் காட்டுங்கள்.

கோலத்தைப் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். தமிழ் ஆசிரியர் ஓவிய வகுப்புக்குப் போனால் பொங்கல் கழிந்த வாரத்தில் கோலம் போடாமல் இருக்க முடியுமா? போடுங்கள், ஆனால் கோடு சொல்லித் தருவதற்காக வேண்டாம். புள்ளிக் கோலத்தில் பிள்ளைகள் கவனம் எல்லாம் புள்ளி எண்ணுவதில் போய்விடும், கோட்டின் அழுத்தமும் வேகமும் மனதில் நிற்காது. சிக்குக் கோலம் வேறு காரியத்துக்கு மிக நல்லது. புள்ளியைத் தொடாமல் சுற்றி வரும் கோடு உள்ளே எத்தனை அறைகளை உண்டாக்குகிறது என்று பார்க்க வைத்து, அந்த அறைகளுக்கு மட்டும் கறுப்பு அடிக்கச் சொன்னால் வடிவமும் வெற்றிடமும் இடம் மாறுவது அங்கேயே புரிந்துவிடும். வகுப்பில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் இருப்பார்கள், இந்தப் பயிற்சியில் யாருக்கும் சங்கடமும் இல்லை.

இப்போது ஒளிநிழல். என்னைக் கேட்டால் தவணையில் பாதியை இதற்கே கொடுத்துவிடலாம். பிள்ளைகள் படம் தட்டையாக இருப்பதற்குப் பத்தில் எட்டு முறை காரணம் இதுதான், ஆனால் பள்ளிகளில் மிகக் குறைவாகச் சொல்லித் தருவதும் இதுதான். வண்ணச் சக்கரத்துக்கு மூன்று வாரம், நிழலுக்கு அரை மணி நேரம் என்று ஓட்டுகிறவர்களை எனக்குத் தெரியும்.

தடை பெரும்பாலும் பென்சிலில் இருக்கும். பிள்ளை பையில் இருப்பது எச்.பி. பென்சில். அதை எவ்வளவு அழுத்தினாலும் நடுச் சாம்பலுக்கு மேல் போகாது, தாள்தான் பளபளக்கும். ஆளுக்கொரு 4பி அல்லது 6பி வேண்டும், அவை மென்மையான, நன்றாகக் கறுக்கும் பென்சில்கள். பட்ஜெட் இல்லையென்றால் கரித்துண்டு. முதலில் ஐந்து கட்டம் போட்டு வெள்ளையிலிருந்து கறுப்பு வரை படியாக நிரப்பச் சொல்லுங்கள். ஐந்தாவது கட்டத்தைக் கறுப்பாக்க மாட்டார்கள், எல்லாம் இரண்டிலும் மூன்றிலும் தயங்கி நிற்கும். "இன்னும், இன்னும்" என்று பக்கத்தில் நின்று சொல்ல வேண்டியிருக்கும். கறுப்பைத் தொடத் துணியாத பிள்ளையின் படத்தில் வெளிச்சமும் வராது.

அப்புறம் ஒரு வெள்ளைப் பொருளை வெள்ளைத் தாளில் வைத்து, ஒரே பக்கத்திலிருந்து வெளிச்சம் விழ வைத்து வரைதல். புத்தகங்களில் முட்டை என்று போட்டிருக்கும். நம் ஊரில் பள்ளி திறக்கும் ஜனவரியிலோ அடுத்த பிப்ரவரியிலோ காவடி விரதம் வருகிறது, முட்டையைத் தொடத் தயங்கும் பிள்ளை இருக்கும், அதனால் பிங்பாங் பந்து வைத்துக்கொள்ளுங்கள், உடையவும் உடையாது. ஐந்து இடங்களைத் தேட வேண்டும்: அதிக வெளிச்சம் படும் புள்ளி, நடுத்தர ஒளி, பந்தின் மேலேயே உள்ள அடர்ந்த நிழல், தாளிலிருந்து திரும்பி அடித்து நிழலுக்குள் எட்டிப் பார்க்கும் வெளிச்சம், பந்து தாளில் போடும் நிழல். நான்காவதைப் பிள்ளைகள் நம்பவே மாட்டார்கள். பந்துக்குக் கீழே ஒரு சிவப்புத் தாளைச் சொருகிக் காட்டுங்கள், பந்தின் அடிவயிறு சிவந்துவிடும், நம்பிவிடுவார்கள்.

ஜன்னல் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஐரோப்பாவில் எழுதிய புத்தகங்கள் எல்லாம் "வடக்கு ஜன்னல் வெளிச்சம்" என்று சொல்லும். நாம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே 20 டிகிரியில் இருக்கிறோம். குளிர்கால மாதங்களில் சூரியன் வடக்குப் பக்கமாகவே போகிறது, அந்த ஜன்னலில் வைத்தால் நிழல் நிமிடத்துக்கு நிமிடம் நகரும். பந்தைத் தெற்கு ஜன்னலோரம் வையுங்கள்.

இதையே தலைகீழாகவும் செய்யலாம். தாள் முழுக்கக் கரி பூசிவிட்டு, ரப்பரால் வெளிச்சத்தை மட்டும் அழித்து எடுப்பது. "வரையத் தெரியாது" என்று சொல்லும் பிள்ளைகள் இதில்தான் மற்றவர்களை முந்துவார்கள், ஏனென்றால் இதில் வெளிக்கோடு போடும் வேலையே இல்லை.

மார்ச் 12 வரும்போது எப்படியும் தேசியக் கொடி வரையச் சொல்வார்கள். அந்த வாரத்தை வீணாக்காதீர்கள். 1968இலிருந்து நம் கொடி சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என்று நான்கு பட்டை. அதைப் பென்சிலால் மட்டும், சாம்பல் நிறங்களில் வரையச் சொல்லுங்கள். எது அதிக இருட்டு, எது அதிக வெளிச்சம்? மஞ்சள் வெளிச்சம், நீலம் இருட்டு என்பதில் சண்டை வராது. சிவப்பில்தான் வரும். சிவப்பு கண்ணில் அடிக்கிற நிறம், அதனால் பச்சையைவிட மிகவும் இருட்டு என்று ஒரு கூட்டம், இல்லை வெளிச்சம் என்று ஒரு கூட்டம். அடித்துக்கொள்ள விட்டுவிட்டு, கடைசியில் உங்கள் போனில் கொடியைக் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்துக் காட்டுங்கள். சிவப்பும் பச்சையும் பெரும்பாலும் கிட்டத்தட்ட ஒரே சாம்பலாகத்தான் விழும். நிறம் வேறு, ஒளிநிழல் வேறு என்பதை நான் விளக்கிச் சொல்லி ஒருவருக்கும் புரிந்ததில்லை, இந்த ஒரு படத்தில் புரிந்துவிடும். இதற்குப் பிறகு கண்ணை இடுக்கிக்கொண்டு பார்க்கும் வித்தையைச் சொல்லிக் கொடுங்கள், இமையைப் பாதி மூடினால் சின்ன விவரங்கள் மங்கி இருட்டும் வெளிச்சமும் மட்டும் நிற்கும்.

கொடியிலிருந்தே நிறத்துக்குப் போய்விடலாம். மூன்று பட்டை முதன்மை நிறங்கள், நான்காவதை அந்த மூன்றில் இரண்டைக் கலந்து உண்டாக்கலாம் என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். அப்புறம் ஊதா கலக்கச் சொல்லுங்கள், அங்கே எல்லோரும் விழுவார்கள். பள்ளி போஸ்டர் கலர் சிவப்போடு நீலத்தைச் சேர்த்தால் ஊதாவுக்குப் பதில் சேறுதான் வரும். பிள்ளை மேல் குற்றம் இல்லை. அந்தச் சிவப்பு ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்தது, அதற்குள் மஞ்சள் ஒளிந்திருக்கிறது, நீலமும் சேர்ந்தால் மூன்று முதன்மையும் கலந்து மண்ணாகிவிடும். ஒரு டப்பா மெஜந்தா வாங்கி வையுங்கள். காவடி அன்று தெருவெல்லாம் தெரியுமே, அந்த ரோஸ். அதோடு நீலம் சேர்த்தால் ஊதா சுத்தமாக வரும். பிரிண்டர்காரர்கள் சிவப்பை விட்டுவிட்டு மெஜந்தா வைத்திருப்பதன் காரணமும் இதுதான். வண்ணச் சக்கரத்தைப் பார்த்து வரைந்து தீட்டச் சொல்லும் பயிற்சியை நான் விட்டுவிட்டேன். அழகாக இருக்கும், பைலில் வைக்கலாம், மற்றபடி அதனால் எதுவும் நடப்பதில்லை.

டப்பாப் பச்சையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதை அப்படியே தீட்டினால் கரும்புத் தோட்டம் பிளாஸ்டிக் மாதிரி இருக்கும். ஒரு துளி சிவப்பு சேர்த்தால் பச்சை அடங்கி இலை நிறத்துக்கு வரும். எதிர் நிறம் (வண்ணச் சக்கரத்தில் நேர் எதிரே இருப்பது) கலந்தால் அடங்கும், பக்கத்தில் வைத்தால் சீறும். கேப் மலெர் தேவாலயத்தின் சிவப்புக் கூரை பின்னால் இருக்கும் பச்சைக் கடல்மேல் அப்படித் தனித்துத் தெரிவது இதனால்தான்.

நம் தீவின் ஷமரேல் ஊரில் உள்ள ஏழு வண்ண மண்ணைக் காட்டாமல் இங்கே யாரும் நிறப் பாடம் முடிப்பதில்லை. எரிமலைக் கல் பல்லாயிரம் ஆண்டுகள் கரைந்து, இரும்பும் அலுமினியமும் ஆக்சைடுகளாக மிஞ்சி அந்த நிறங்களைக் கொடுத்தன. அங்கிருந்து மண் எடுக்கக் கூடாது, எடுக்கவும் தேவையில்லை. பள்ளி மைதானத்துச் செம்மண்ணே போதும். காயவைத்து, இடித்து, பழைய துணியில் சலித்து, வெள்ளைப் பசையும் கொஞ்சம் தண்ணீரும் விட்டுக் குழைத்தால் பெயிண்ட். பிள்ளைகள் வெவ்வேறு ஊரிலிருந்து வருகிறார்கள் என்றால் ஆளுக்கொரு பிடி மண் கொண்டுவரச் சொல்லுங்கள், சிவப்பு, பழுப்பு, கருஞ்சாம்பல் என்று கேட்காமலே ஒரு நிறவரிசை மேசையில் வந்து உட்காரும்.

வடிவத்தையும் திரட்சியையும் சேர்த்தே கொடுங்கள். லெ மோர்ன் மலையைக் கறுப்புத் தாளில் கத்தரித்தால் வடிவம், அதையே களிமண்ணில் பிசைந்தால் திரட்சி, இவ்வளவுதான் விளக்கம். நேரம் செலவழிக்க வேண்டியது நீள்வட்டத்தில். ஒரு டம்ளர் வரையச் சொன்னால் வாயை வட்டமாகப் போட்டு அடியை நேர்கோடாக முடிப்பார்கள், மேசையில் இருக்கிறதே என்பது அவர்கள் நியாயம். பழைய சர்க்கரை ஆலைகளின் கல் புகைபோக்கிகள் தீவெங்கும் நிற்கின்றன. ஒன்றின் அருகே போய், கண்மட்டத்தில் கல்வரிசை நேராகவும், மேலே போகப்போக வில்லாக வளைந்தும் தெரிவதைக் காட்டுங்கள். போக முடியாவிட்டால் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் ரப்பர் பேண்டுகளை மாட்டிக் கண்முன் ஏற்றி இறக்கிக் காட்டினாலும் சரி.

பரப்புத்தன்மைக்கு அதிக நேரம் வேண்டாம். கிரேயானைப் படுக்கவைத்துக் கருங்கல் சுவரில் தாளை வைத்துத் தேய்ப்பது எல்லோருக்கும் பிடிக்கும், ஆனால் பாதி வேலைதான் அது. தேய்த்ததைப் பார்த்து அதே சொரசொரப்பைப் பேனாவால் புள்ளியும் கீறலுமாக வரைந்து காட்டினால்தான் பாடம் முடிந்தது.

வெளி என்ற கூறுக்கு வந்தால், தூரத்தில் ஒன்றுகூடும் ரயில் தண்டவாளத்தை வரையும் பெர்ஸ்பெக்டிவ் பயிற்சியில் ஆரம்பிக்காதீர்கள். ஸ்கேல் எடுத்தவுடன் வகுப்பு கணக்கு வகுப்பாகிவிடும். ஒன்றை ஒன்று மறைப்பதில் ஆரம்பியுங்கள். இந்த வயதில் ஆட்களை வரிசையாக, ஒருவரை ஒருவர் தொடாமல் நிறுத்துவார்கள். காவடி ஊர்வலம் வரையச் சொல்லி "எந்தக் காவடியும் முழுசாகத் தெரியக் கூடாது" என்று ஒரே ஒரு நிபந்தனை போட்டால் போதும், கூட்டம் தானாக வந்துவிடும். அடுத்தது மலை. போர்ட் லூயிஸ் பக்கமிருந்து பார்த்தால் அருகே உள்ள மரம் கரும்பச்சை, தூரத்து பீட்டர் போத் நீலச் சாம்பல். இடையில் உள்ள காற்று நீல ஒளியை அதிகமாகச் சிதறடிப்பதால் தூரத்துக் காட்சி வெளுத்து நீலம் பாய்ந்து தெரிகிறது. செய்தித்தாளைக் கிழித்து மூன்று அடுக்கு மலை ஒட்டி, பின்னால் போகப்போக வெளிறலாகத் தண்ணீர் அதிகம் விட்ட வண்ணம் கொடுக்கச் சொல்லுங்கள். கரும்பு வெட்டு ஜூனில் தொடங்கி ஆண்டு முடிவு வரை நடக்கும். வெட்டிய வயலில் வரிசைகள் தூரத்தில் ஒரு புள்ளிக்குக் கூடுவது அப்போதுதான் தெரியும், அதற்கு முன் ஆளுயரக் கரும்பு எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டு நிற்கும். மறைபுள்ளிப் பாடத்தை அந்த மாதங்களுக்குத் தள்ளி வையுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு இதற்கு நேர்மாறான படங்களைக் காட்டவும் வேண்டும். நம் தீவின் ஓவியர்களில் மால்கம் த ஷசாலின் படங்களில் நிழலும் இல்லை, ஆழமும் இல்லை, தட்டையான பளிச் நிறங்கள்தான். வாகோ பைசாக் தடித்த கறுப்புக் கோட்டுக்குள் நிறத்தை அடைத்து, தேவாலயக் கண்ணாடி ஜன்னல் மாதிரி வைத்தார். "இவர் எதை விட்டுவிட்டார், எதை வைத்துக்கொண்டார்?" என்று கேளுங்கள். ஏழும் எல்லாப் படத்திலும் இருந்தாக வேண்டும் என்ற எண்ணம் அங்கே உடையும், கெட்டிக்காரப் பிள்ளை அடுத்த படத்தில் வேண்டுமென்றே ஒன்றை விட்டுப் பார்க்கும்.

மதிப்பெண்ணுக்கு வழி: ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒரே ஒரு கேள்வி வைத்துக்கொள்ளுங்கள். பந்துப் படம் என்றால் ஐந்து இடமும் இருக்கிறதா, கறுப்பு கறுப்பாக இருக்கிறதா, அவ்வளவுதான். அழகுக்கு மார்க் போட்டால் வீட்டில் அக்கா வரைந்து கொடுத்த படம் முதலிடம் வாங்கும். படங்களைச் சுவரில் ஒட்டிவிட்டு "நன்றாக இருக்கிறதா" என்று கேட்காதீர்கள், "உன் கண் முதலில் எங்கே போனது, ஏன்" என்று கேளுங்கள். கிரியோலில் பதில் சொன்னாலும் சொல்லட்டும், கூறுகளின் பெயர் அந்தப் பேச்சில் தானாக வந்து விழும். தவணைக் கடைசி வாரத்தில் சார்ட்டை எடுத்து ஒட்டுங்கள். கிரேடு 9இல் எழுத்தில் கேட்டால் பெயர் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அந்தத் தவணையில் அவர்கள் வரைந்ததில் எது பொருந்தும் என்று ஸ்கெட்ச்புக் பக்க எண்ணை எழுதச் சொல்லுங்கள், அந்த வாரத்துக்கு அதுவே பாடம்.

பூதக்கண்ணாடி கிடைக்கவில்லை என்றால் போன் கேமராவைப் பெரிதாக்கி ப்ரொஜெக்டரில் போட்டாலும் நோட்டுக் கோடுகள் தெரியும், ஆனால் பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு கண்ணாடி இருந்தால் வகுப்பு அமைதியாக இருக்கும், ஒன்றிரண்டாவது சயன்ஸ் லேபிலிருந்து கேட்டு வாங்கப் பாருங்கள்.